மாலை போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருக்கிறது. ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை இல்லை. என் வீட்டுக்காரர் பார்த்திபன் செத்துப்போனதற்குப் போட்டது.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம், தப்பில்லை. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. சாவுக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது, அவர்கள் தோளுக்கு மேலே தெரிந்த கேலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் மாதம் கிழிக்காமல் இருந்தது. கிழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். "அம்பிகா கல்லு மாரி நிக்கிறா பாரு" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. கல் என்றால் கல்தான். வராத அழுகையை வெற்றிலை பாக்கு வைத்தா அழைக்க முடியும்.

கம்ப்யூட்டருக்கு மாலை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சாவு வீட்டில் விளக்கு ஏற்றினால் அதன் பின்னால் ஒரு படம் இருக்க வேண்டும். என் கொழுந்தன் தேவா திண்டிவனம் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினான். அவன் கொடுத்தது, ஓமந்தூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் அவர் லுங்கியோடு நின்று வாய் நிறையச் சிரிக்கும் படம். ஸ்டூடியோக்காரர் மரியாதைக்குக் குறைச்சல் வரக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தலையை மட்டும் வெட்டி எடுத்து, நீலக் கோட்டும் சிவப்பு டையும் போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் ஒட்டிவிட்டார். பின்னால் ஒரு அருவி வேறு. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் செத்தவர்கள் கோட்டு சூட்டோடுதான் சுவரில் தொங்குகிறார்கள். உயிரோடு இருக்கும்போது கிடைக்காத கோட்டு செத்த பிறகாவது கிடைக்கட்டும் என்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

என் மாமியார் பவுனு மட்டும் சொன்னாள். பிரேம் போட்ட படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவள், இது தன் பிள்ளை இல்லை, எவனோ பேங்க் மேனேஜர் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுபடி போட்டுத் தர நாளாகும் என்று ஸ்டூடியோவில் சொல்லிவிட்டார்கள். விளக்கோ எரிந்துகொண்டிருந்தது. தேவா யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த லுங்கிப் படத்தையே கம்ப்யூட்டர் திரை முழுக்க வருகிற மாதிரி வைத்தான். திரை அணையாதபடி ஏதோ மாற்றினான். மானிட்டர்மேல் சாமந்தி மாலையைப் போட்டான். மாமியார் திரையின் கண்ணாடிமேலேயே, அவர் நெற்றி இருந்த இடம் பார்த்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். காரியம் முடியும்வரை விளக்கும் அணையக்கூடாது, இதுவும் அணையக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில் கீபோர்டு பக்கத்தில் ஒரு டம்ளர் டீ வைக்கிறாள். அவர் இருந்தபோது அந்த மேஜையில் டீ வைத்தால் நான் திட்டுவேன், கொட்டிவிடும் என்று. இப்போது திட்டவும் முடியவில்லை. டீ ஆறி, ஏடு படிந்து, சாயங்காலம் அப்படியே வாஷ்பேசினுக்குப் போகிறது.

அந்தக் கம்ப்யூட்டர் என்னுடையது. அதாவது, என் வேலைக்காக வாங்கியது. விழுப்புரத்தில் ஓர் ஆபீஸ், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கிளெய்ம்களை எல்லாம் சரிபார்த்துப் பதிவு செய்து அனுப்புகிற இடம். நான் வீட்டிலிருந்தே செய்வேன். விஷயம் கேள்விப்பட்டதும் லீவு கொடுத்தார்கள். ஆபீசில் நாலு பேர் வந்து மாலை கூடப் போட்டார்கள். பிறகு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் உள்ளே வந்துவிட வேண்டும், இல்லையென்றால் என் ஐடி வேறு ஆளுக்குப் போகும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேலை தேங்கிக் கிடக்கிறது, அவரைத் தப்புச் சொல்ல முடியாது. இதை ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போனில் சொன்னவள் ஷாலினி. என்னைவிடச் சின்னப் பெண், எங்கள் டீமுக்கு லீடர். இன்னும் ஒரு வாரம் கேட்டுப் பார்த்ததாகவும், அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் குரலை இறக்கிச் சொன்னாள்.

வீட்டில் இருப்பது நானும் மாமியாரும். தேவா கிளியனூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். இந்த வேலையும் போனால் நாங்கள் இரண்டு பேரும் அவன் வீட்டில்தான் போய் நிற்க வேண்டும். தேவா நல்லவன். நல்லவன் வீட்டில் போய் நிற்பது அதைவிடக் கஷ்டம். எனக்கு எதுவும் உறைக்காமல் இருந்த அந்த நாட்களில் இது ஒன்று மட்டும் உறைத்தது.

திங்கட்கிழமை காலையில் குளித்துவிட்டு நேரத்தோடே நாற்காலியில் உட்கார்ந்தேன். விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன். ஆபீஸ் மென்பொருளைத் திறக்க மௌசை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அம்புக்குறி ஓரிடத்தில் நின்று, நான் மௌசை எங்கெங்கோ இழுத்த பிறகு ஆடி அசைந்து வந்தது. எருமை எழுந்து நடப்பது போல. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளைப் பெட்டி வந்து அவருடைய முகத்தை மூடியது.

"மூஞ்சிய மூடாதடி" என்றாள் பின்னாலிருந்து மாமியார்.

பெட்டியை ஓரமாக இழுத்து வைத்தேன். அதுவும் இழுத்த இழுப்புக்கு வரவில்லை. அவர் பாதி முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

ஷாலினிக்குப் போன் செய்தேன். முதலில் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னாள். ஊரில் யாருமே முதலில் அதைத்தான் சொல்வார்கள். நான் திரும்பி மாமியாரிடம், ஒரே ஒரு தடவை அணைத்துவிட்டு உடனே போட்டுவிடலாமா என்று கேட்டேன். அவள் சண்டை போடவில்லை. விளக்கையும் ஒரு தடவை அணைத்துவிட்டு உடனே ஏற்றிக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். பெற்றவளிடம் என்னத்தைப் பேசுவது.

அணைக்க முடியாது என்று சொன்னதும் ஷாலினி காரணம் கேட்கவில்லை. மாலை போட வந்தவள், அவளுக்கே தெரியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது மெமரியைத் தின்கிறது என்று பார்த்து, அதை மட்டும் மூடினால் போதும் என்றாள். சொன்ன மூன்று கீயையும் சேர்த்து அழுத்தினேன். நிதானமாக ஒரு பட்டியல் வந்தது. மெமரி என்கிற கட்டம் மாலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்தேன். வாடிப்போன சாமந்தி இதழ் நாலைந்து கீபோர்டில் உதிர்ந்தது.

தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று இருந்தது. நாலு ஜிபி மெஷின், போதும் போதும் என்று வாங்கியது. நூறு ஆனால் என்ன ஆகும் என்று கேட்டேன். மூச்சு முட்டி அப்படியே நின்றுவிடும் என்றாள் ஷாலினி. சொன்னவள் உடனே வேறு பேச்சுக்குப் போனாள்.

பட்டியலை மேலிருந்து படித்துச் சொன்னேன். நடுவில் ஒரு வரிமேல் சந்தனப் பொட்டு உட்கார்ந்திருந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்துத்தான் அதைப் படிக்க முடிந்தது. சாவுக்கு வந்தவர்கள் என்னென்னவோ திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தேவா போட்டுவிட்ட பக்திப் பாட்டு பிரவுசரில் சத்தமில்லாமல் கிடந்தது. யாரோ பாண்டிச்சேரி பஸ் நேரம் தேடியிருந்தார்கள். ஒரு பிள்ளை கார் ஓட்டுகிற விளையாட்டைத் திறந்து பாதியில் விட்டிருந்தது. ஒவ்வொன்றாக மூடினேன். தொண்ணூற்றொன்றுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது.

படம்தான் தின்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அதை மூடச் சொன்னால் என்ன செய்வது என்றும் பயம். படத்துக்கு நேரே இருந்த எண்ணைச் சொன்னேன். அது ரொம்பக் கம்மி, அதனால் ஒன்றும் இல்லை என்றாள் ஷாலினி. பிறகு கொஞ்சம் யோசித்து, மேலே யூசர்ஸ் என்று ஒன்று இருக்கும், அதைத் தொடுங்கள் என்றாள்.

தொட்டேன். இரண்டு பெயர் வந்தது. கீழே இருந்தது அம்பிகா. மேலே இருந்தது பார்த்திபன். என் பெயருக்கு நேரே இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு அவர் பெயருக்கு நேரே இருந்தது.

படித்துச் சொன்னேன்.

"அக்கா, அண்ணன் இன்னும் உள்ளதான் இருக்காரு" என்றாள் ஷாலினி. சொல்லிவிட்டு, "லாகின்லன்னு சொன்னேங்கா" என்றாள்.

எனக்குப் புரிந்தது. அவர் செத்த அன்றைக்குக் காலையில் நான் எழுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, எனக்கு டைம் ஆகிறது, ஜல்தி எழுந்திருங்கள் என்றேன். தோ ஆச்சு, தோ ஆச்சு என்று என்னமோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரையை லாக் செய்துவிட்டு எழுந்து, நின்றபடியே டீ குடித்துவிட்டு, விழுப்புரத்துக்கு வண்டியை எடுத்தார். அங்கே டிராக்டர் உதிரிப்பாகம் விற்கும் கடையில் அவருக்கு வேலை. நான் அவர் திறந்து வைத்ததை மூடாமலே, ஸ்விட்ச் யூசர் போட்டு என் பெயரில் உள்ளே போய் வேலையைப் பார்த்தேன். தினமும் அப்படித்தான். ராத்திரி மொத்தமாக அணைக்கும்போது எல்லாம் தானாக மூடிக்கொள்ளும். அன்றைக்கு ராத்திரி அணைக்க யார் இருந்தோம். மத்தியானமே பைபாஸில் லாரி இடித்து, நாங்கள் எல்லோரும் விழுப்புரத்தில் பிணவறை வாசலில் இருந்தோம்.

வண்டி போய், ஆள் போய், எரித்து, பால் தெளித்து எல்லாம் ஆகிவிட்டது. இந்தப் பெட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் எழுந்து டீ குடிக்கப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று அவர் விட்டதை விட்டபடியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவர் பெயரைத் தொட்டதும் கீழே அவர் திறந்து வைத்திருந்தவை விரிந்தன. ஒரு பிரவுசர். ஒரு வீடியோ பிளேயர். ஒரு வேர்டு.

வேர்டு எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அவர் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் பார்ப்பார், டிராக்டரைப் பிரித்து மாட்டுகிற வீடியோ பார்ப்பார். எழுதுகிற ஆள் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதக்கூட என்னிடம்தான் தள்ளிவிடுவார். அன்றைக்கு இரண்டு விரலால் என்னமோ தட்டிக்கொண்டிருந்தார் என்றால் அது இதுதான்.

ஷாலினியிடம் சொன்னேன். அவர் பெயரில் உள்ளே போய்ப் பார்த்து, வேண்டியதைச் சேமித்துவிட்டு மூடிவிடுங்கள் என்றாள். நல்ல யோசனைதான். ஸ்விட்ச் யூசர் போட்டேன். படம் மறைந்து திரை கறுத்தது.

"எங்கடி போனான்" என்றாள் மாமியார்.

"வந்துடுவாரு அத்தை."

ரொம்ப நேரம் கழித்து அவர் பெயரும், கீழே பின் நம்பர் கேட்கிற கட்டமும் வந்தன. எனக்கு அவருடைய நம்பர் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், மறைக்கிற ஆள் இல்லை. நான்தான் கேட்டதில்லை. வண்டி நம்பரைப் போட்டேன், தப்பு என்றது. அவர் பிறந்த வருஷத்தைப் போட்டேன், தப்பு. எங்கள் கல்யாண தேதியைப் போட்டேன். அதுவும் தப்பு என்று வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. சரி, அது இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் இனி முயற்சி செய்யாதே என்கிற மாதிரி ஒரு செய்தி காட்டியது.

திரும்பி என் பெயருக்கு வந்தேன். அவர் மறுபடி மாலைக்குள் சிரித்தார். மாமியார் பெருமூச்சு விட்டாள்.

மறந்துபோன பின்னை மாற்ற வழி இருக்கிறதாம். அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டால் போதும். போன் தூள் தூளாகிப் பாலிதீன் பையில் இருந்தது. சிம்மும் ஒடிந்திருந்தது.

"டூப்ளிகேட் சிம் வாங்கலாங்கா. நீங்க ஒய்ஃபு, சர்டிபிகேட் காட்டுனா தருவாங்க. ஆனா நாளாவும்" என்றாள் ஷாலினி. பிறகு, "மணி ஒன்பதே முக்கா ஆவுது. மேனேஜர் சிஸ்டத்துல பாத்துக்கினே இருக்காருங்கா" என்றாள்.

உள்ளே போகாமலே அவரை வெளியேற்ற முடியுமா என்று கேட்டேன். முடியும், என் பெயர்தான் இந்த மெஷினுக்கு முதல் பெயர், எனக்கு அதிகாரம் உண்டு என்றாள். அவர் பெயர்மேல் வலது பக்கம் அழுத்தி சைன் ஆஃப் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் சேமிக்காமல் வைத்திருப்பது எதுவும் திரும்ப வராது. அவள் அதை இரண்டு தடவை சொன்னாள்.

அழுத்தினேன். கம்ப்யூட்டரும் கேட்டது. பார்த்திபனை வெளியேற்ற வேண்டுமா, சேமிக்காத வேலை இருந்தால் போய்விடும் என்றது. சந்தனப் பொட்டு அதன்மேல் படாமல் பக்கத்தில் இருந்ததால் பெயரைத் தெளிவாகப் படிக்க முடிந்தது.

நான் ரொம்ப யோசித்தேன் என்று சொன்னால் பொய். மாமியாரின் மாத்திரையை யோசித்தேன். தேவாவின் வாசற்படியை யோசித்தேன். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை; அன்றைக்குத் தெருமுனை குழாயடியோடு என்னை நிறுத்திவிட்டார்கள். மேளச் சத்தம் தேய்ந்துபோனதைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன். நான் அவரைக் கடைசிவரை அனுப்பி வைக்கவில்லை. ஆம் என்று அழுத்தினேன்.

அவர் பெயர் கொஞ்ச நேரம் இருந்தது. பக்கத்திலிருந்த எண் இறங்கியது, இறங்கியது, பிறகு வரியே இல்லை. கீழே இருந்த என் பெயர் ஒரு படி மேலே ஏறி அந்த இடத்துக்கு வந்தது. மாலையைத் தூக்கிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு சதவீதம்.

வேலை சரசரவென்று ஓடியது. அழுத்தின மாத்திரத்தில் ஆபீஸ் பக்கம் திறந்தது. பத்து மணிக்கு முன்பே உள்ளே போய்விட்டேன். என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு ஷாலினி போனை வைத்தாள். முதல் கிளெய்மை எடுத்தேன். கண்டாச்சிபுரத்துக்காரர் ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். பெயர், வயசு, சேர்த்த தேதி, அனுப்பிய தேதி. எல்லாம் சரியாக இருந்தது, அடுத்ததற்குப் போனேன். கை பாட்டுக்குச் செய்தது. வேலை பிழைத்துவிட்டது, இனி யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் யாருக்கோ நடந்த நல்லது மாதிரி இருந்தது.

"சரியாயிட்டுச்சா?" என்று கேட்டாள் மாமியார். அவர் முகத்தை எதுவும் மறைக்காதபடி என் பெட்டியை ஓரமாக வைத்திருந்ததில் அவளுக்குத் திருப்தி.

"ஆயிட்டுச்சு அத்தை."

"என்னாவாம் அதுக்கு? இம்மா நேரம் பேஜாரு பண்ணிச்சே."

தூசி என்று சொல்லியிருக்கலாம். வைரஸ் என்று சொல்லியிருந்தால் அவளே தலையாட்டியிருப்பாள். எனக்குப் பொய் சொல்லக்கூட ஒரு தெம்பு வேண்டியிருந்தது.

"அவரு உள்ளயே இருந்தாரு அத்தை. அன்னிக்கிக் காலைல தொறந்து வெச்சிட்டுப் போனது, யாரும் மூடல. அதான் பாரம் தாங்காம நின்னுச்சு. இப்ப அனுப்பி வெச்சிட்டேன்."

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். பெற்றவளைக் கேட்காமல் அனுப்பினாயே என்பாள் என்று நினைத்தேன். விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். விரலில் ஒட்டிய எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"எதுனா சொன்னானா?"

டைப் அடித்துக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"என்னமோ எழுதிக்கினு இருந்தாரு அத்தை. பாதியில இருந்துச்சு. எனக்கு உள்ள போவத் தெரியல. படிக்காமயே அனுப்பிட்டேன்."

சொல்லி முடிக்கவில்லை, நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. என் சத்தம்தான் என்று எனக்கே உடனே தெரியவில்லை. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கீபோர்டில் என்னென்னவோ எழுத்து விழுந்தது. மாமியார் எழுந்து வந்து, முதல் வேலையாக டீ டம்ளரை எடுத்துத் தூர வைத்தாள். பிறகு என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என்னாத்த எழுதியிருக்கப் போறான்" என்றாள். "கடையில என்னா சாமான் இருக்குது, என்னா சாமான் தீந்துபோச்சின்னு எழுதிக்கினு இருந்திருப்பான். வேற என்னா தெரியும் அவனுக்கு. உடுடி."

அப்படித்தான் இருக்கும். எனக்கும் தெரியும். அந்தச் சாமான் பெயர்களையாவது படித்திருக்கலாமே என்றுதான் அழுதேன்.